ஹிஹோனா: பாதாமும் தேனும் வாழவைத்த ஸ்பானிய மலையூர்

தேனடை:

ஸ்பெயினின் அலிகாந்தே நகரத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே கிறிஸ்துமஸ் என்றால் துர்ரோன் என்ற இனிப்பு இல்லாத வீடு கிடையாது. வறுத்த பாதாம், தேன், சர்க்கரை, முட்டை வெண்கரு, இவ்வளவுதான் அதில் சேர்வது. ஸ்பெயினிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் ஒரு பெட்டியாவது வாங்கி வருவார்கள். ஆனால் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் ஊரைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாகப் பேசி நான் படித்ததில்லை. அதனால்தான் இந்த இழை.

ஊரின் பெயர் ஹிஹோனா. உள்ளூர் வலென்சிய மொழியில் ஷிஷோனா என்பார்கள். அலிகாந்தே கடற்கரையிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் மலைப்பக்கம் ஏறினால் வரும். ஏறக்குறைய 7,000 பேர் வாழும் சின்ன ஊர். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், அவற்றுக்கு மேலே முஸ்லிம் ஆட்சிக் காலத்துக் கோட்டையின் மிச்சம். சுற்றுப்புறம் முழுக்கக் கல்வரப்பு கட்டிய படிநிலங்கள், அவற்றில் பாதாம் மரங்கள். மழை குறைந்த பூமி. பாதாம் மரம் அதைத் தாங்கும். மலையில் ரோஸ்மேரி பூக்கும், தேனீயும் வளரும்.

"பாதாம் இருந்தது, தேன் இருந்தது, இனிப்பு வந்தது" என்று பலர் இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பாதாமும் தேனும் மத்தியதரைக் கடல் ஓரமெங்கும் கிடைக்கின்றன. இத்தாலியில் கிரெமோனா, பிரான்சில் மொந்தெலிமார், காத்தலோனியாவில் அக்ராமுந்த் என்று இதே குடும்பத்து இனிப்புக்குப் பேர்போன ஊர்கள் வேறும் இருக்கின்றன. இருந்தும் ஸ்பெயினில் மென்மையான துர்ரோனைக் கடையில் கேட்கிறவர் "ஒரு ஹிஹோனா கொடுங்கள்" என்கிறார். ஊரின் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது. என் எண்ணத்தில் இதற்குக் காரணம், ஊர்க்காரர்கள் தங்கள் சரக்கைத் தாங்களே சுமந்துபோய் விற்றதுதான்.

மாட்ரிட்டில் சான் ஹெரோனிமோ வீதியில் காசா மிரா என்ற இனிப்புக் கடை இன்றும் நடக்கிறது. அதைத் தொடங்கியவர் ஹிஹோனாவைச் சேர்ந்த லூயிஸ் மிரா, ஆண்டு 1842. கழுதைகள்மேல் துர்ரோன் ஏற்றிக்கொண்டு தலைநகருக்குப் புறப்பட்டவர், வழியிலேயே சரக்கு தீர்ந்து தீர்ந்து ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது என்று அந்தக் கடையைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மாட்ரிட்டுக்கும் அலிகாந்தேக்கும் ரயில் வந்தது 1858-ல்தான். அதற்கு முன்னால் அந்தச் சரக்கு மாட்ரிட்டை எட்டியதென்றால் மனிதர்களும் கழுதைகளும்தான் கொண்டுபோயிருக்க வேண்டும்.

ரயில் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. டிசம்பர் நெருங்கினால் ஹிஹோனாக் குடும்பங்கள் பெரிய நகரங்களுக்குப் போய், கட்டடங்களின் வாசல் நடையைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்து, அங்கேயே கடை விரித்துத் துர்ரோன் விற்பார்கள். அல்ஜீரியாவின் ஓரான் நகரம் வரை போனவர்களும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் அலிகாந்தே பகுதியிலிருந்து ஏராளமானோர் அல்ஜீரியாவுக்குப் பிழைக்கப் போனார்கள். அவர்கள் பின்னாலேயே துர்ரோனும் கடல் கடந்தது.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மாடித்தோட்டம்:

அருமையான தொடக்கம். ஒரு சந்தேகம். நான் சாப்பிட்ட பெட்டியில் "துர்ரோன் தே அலிகாந்தே" என்று இருந்தது. கடித்தால் பல் போய்விடும், அவ்வளவு கெட்டி. நீங்கள் மென்மையானது என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு ஊர்ச் சரக்கா?

தேனடை:

இரண்டும் ஒரே ஊர்ச் சரக்குதான். முழுப் பாதாம் பருப்பு தெரிய, வெள்ளையாக, கெட்டியாக, இருபுறமும் மெல்லிய மாவுத்தாள் ஒட்டி வருவது அலிகாந்தே வகை. வட்டமாக வந்தால் தோர்த்தா இம்பீரியால். பாதாமை அரைத்துப் பழுப்பு நிறத்தில், எண்ணெய்ப் பசையோடு, வாயில் போட்டதும் கரைவது ஹிஹோனா வகை. ஐரோப்பிய ஒன்றியம் 1996-ல் இரண்டு பெயருக்கும் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. அந்த விதிப்படி அலிகாந்தே துர்ரோனையும் ஹிஹோனா எல்லைக்குள்தான் செய்ய வேண்டும். அலிகாந்தே நகரத்தில் செய்தால் அந்த முத்திரை கிடைக்காது.

மாடித்தோட்டம்:

அப்படியானால் அலிகாந்தேயின் பெயர் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

ஏடகம்:

அதற்கு நான் பதில் சொல்லப் பார்க்கிறேன். தேனடையின் கருத்தோடும் கொஞ்சம் மோத வேண்டியிருக்கிறது.

கழுதைமேல் ஏற்றி விற்ற கதை 19-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. துர்ரோன் அதற்கும் ரொம்ப முந்தியது. 1582-ல் அலிகாந்தே நகரசபையின் ஆவணம் ஒன்று பேசுகிறது: நினைவுக்கெட்டாத காலம் முதல், சம்பளத்தில் ஒரு பகுதியைப் பணமாகவும், கிறிஸ்துமஸ் அன்பளிப்பாக ஓர் அரோபா துர்ரோனாகவும் கொடுப்பது வழக்கம் என்று. அரோபா என்பது 12 கிலோ போல வரும். ஒருவருக்கு 12 கிலோ இனிப்பு! அது வீட்டுக்காரர்களே தின்று தீர்க்கும் அளவில்லை. கைமாற்றவும் விற்கவும் கூடிய, மதிப்புள்ள பண்டமாக அப்போதே இருந்திருக்கிறது. அந்தக் காலத்துக் குறுநாடகம் ஒன்றில், வீட்டில் வைத்திருந்த அலிகாந்தே துர்ரோன் காணாமல் போக, எஜமான் வேலைக்காரர்களை அடிக்கிற காட்சியே இருக்கிறது. அப்போதே பெயர் அலிகாந்தேதான். காரணம் துறைமுகம். எங்கே கப்பலேறுகிறதோ அந்த இடத்தின் பெயரே சரக்கோடு போகும்.

இந்த இரண்டு ஊர்களின் உறவும் விசித்திரமானது. 1244-ல் அல்மீஸ்ரா ஒப்பந்தப்படி வலென்சிய அரசுக்கும் காஸ்தில் அரசுக்கும் எல்லை பிரித்தபோது, ஹிஹோனா வலென்சியப் பக்கம் விழுந்தது, அலிகாந்தே காஸ்தில் பக்கம். பிறகு 1304-ல் தொர்ரேய்யாஸ் தீர்ப்பு வந்துதான் அலிகாந்தேவும் முறைப்படி வலென்சிய அரசோடு சேர்ந்தது. சுமார் 60 வருடம் ஹிஹோனா எல்லைக்காவல் ஊர். கோட்டைக்கு அவ்வளவு முக்கியத்துவம் இருந்தது அதனால்தான்.

அரபு மூலம் பற்றி யாராவது கேட்பீர்கள், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பாதாமையும் தேனையும் காய்ச்சிச் சேர்க்கிற இனிப்புகள் அரபு உலகம் முழுக்க உண்டு. ஹிஹோனா 13-ம் நூற்றாண்டு வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. வேர் அங்கே என்பது நியாயமான ஊகம். ஆனால் பனியைக் காணாமல் ஏங்கிய வடநாட்டு இளவரசிக்காக அரசன் மலை நிறைய பாதாம் நட்டான், பூத்தபோது வெள்ளை வெளேரென்று பனிபோலத் தெரிந்தது என்ற கதையை வரலாறாக எழுதாதீர்கள். அழகான கதை. போர்ச்சுகலின் அல்கார்வேயிலும் இதையே சொல்கிறார்கள்.

தேனடை:

ஏடகம், 1582 ஆவணத்தை இழைக்குள் கொண்டுவந்ததற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கத்தைப் பலப்படுத்துகிறது. துறைமுகம் விற்ற காலத்தில் புகழ் துறைமுகத்துக்குப் போனது. ஊர்க்காரர்களே தெருவில் நின்று விற்கத் தொடங்கிய பிறகுதான் ஹிஹோனா என்ற பெயர் வாடிக்கையாளர் வாயில் ஏறியது. வாசல் நடையில் உட்கார்ந்திருக்கிற அம்மாள் எந்த ஊர் என்று வாங்குகிறவருக்குத் தெரியும், இல்லையா?

ஏடகம்:

அந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்கிறவர்களின் கைத்திறன் இல்லாமல் சுமந்துபோய் விற்பது மட்டும் போதாது. அதையும் யாராவது பேசுங்கள்.

அடுப்படி:

நான் இனிப்புத் தொழிலில் இருக்கிறவன். இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

இரண்டு வகைக்கும் முதல் பாதி ஒன்றுதான். தேனையும் சர்க்கரையையும் பெரிய கொப்பரையில் காய்ச்சுகிறார்கள். கொப்பரைக்குள் துடுப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கருவிக்கு மெக்கானிகா என்று பெயர். பாகு பதத்துக்கு வரும்போது முட்டை வெண்கரு. அது பாகை வெளுக்கவைத்து, காற்றைப் பிடித்துவைக்கும். அப்புறம் வறுத்த பாதாம். கெட்டி வகை என்றால் இங்கேயே வேலை முடிந்தது. சூட்டோடு எடுத்துத் தட்டி, மாவுத்தாளில் வைத்து வெட்ட வேண்டியதுதான்.

மென்மையான வகையில் கதை இனிமேல்தான். ஆறிய கட்டியை உடைத்து, ஆலையில் கொடுத்து விழுதாக அரைக்கிறார்கள். பாதாம் எண்ணெய் வெளியே வந்து விழுது தளரும். அதை மறுபடி அடுப்பேற்றுகிறார்கள். அரைக்கோள வடிவப் பாத்திரம், அதில் உலக்கை மேலும் கீழும் போய்வரும். இதன் பெயர் போய்ஷெட். இப்போது நீராவிச் சூடும் மோட்டாரும் வந்துவிட்டன, ஆனால் வேலை மாறவில்லை. மணிக்கணக்கில் இடிபட்டுக்கொண்டே வேகும். முதலில் எண்ணெயும் தேன்பாகும் தனித்தனியாக நிற்கும். போகப்போக ஒன்றுக்குள் ஒன்று சேர்ந்து இறுகும். எந்த நேரத்தில் இறக்குவது என்பதுதான் மேஸ்திரியின் வித்தை. முன்னால் இறக்கினால் வெட்ட நிற்காது, குழையும். தாமதித்தால் மணல் மாதிரி உதிரும். இறக்கிப் பெட்டிகளில் ஊற்றி, நன்றாக ஆறவிட்டுத்தான் வெட்ட முடியும்.

பாகு வைத்துப் பழகியவர்களுக்கு இது புரியும்: ஒரே சரக்கை இரண்டு தடவை பதம் பார்க்கிறார்கள். இரண்டாவது தடவை உள்ளே கொழுப்பும் இருக்கிறது. மைசூர்பாகில் நெய் கக்கும் நேரத்தைப் பிடிக்கிற மாதிரி கண்ணும் காதும் வேண்டும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியைத் திறந்ததும் தாளில் எண்ணெய் ஊறியிருந்தால் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். அது பாதாமின் எண்ணெய். பாதாம் தாராளமாகப் போட்டதற்கு அடையாளம்.

கரிசல்:

இது எல்லாம் இன்றைக்குப் பெரிய ஆலையில் நடக்கிறது. பாரம்பரியம் என்று சொல்வது விளம்பரத்துக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. சூப்பர்மார்க்கெட்டில் சாக்லேட் துர்ரோன், தேங்காய்த் துர்ரோன் என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். அதில் ஹிஹோனா எங்கே?

அடுப்படி:

சாக்லேட் வகைகளுக்கு அந்தப் புவிசார் முத்திரை கிடையாது, கரிசல். முத்திரை இரண்டே வகைக்கு. அதிலும் உயர்ந்த தரமான "சுப்ரேமா" என்று போட வேண்டுமானால் ஹிஹோனா வகையில் குறைந்தது 64 சதவீதம் பாதாம் இருக்க வேண்டும், அலிகாந்தே வகையில் 60. தேனும் குறைந்தது இவ்வளவு என்று விதி இருக்கிறது. மோட்டார் வந்ததால் பாரம்பரியம் போய்விட்டது என்றால் உலகில் எந்த உணவுத் தொழிலும் மிஞ்சாது. சரக்கில் கை வைத்தார்களா என்று பாருங்கள். அங்கே விட்டுக்கொடுக்கவில்லை.

நெல்லிமரம்:

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் கிடைத்த புவிசார் குறியீடு மாதிரியா இது?

ஏடகம்:

சட்ட வகை அதுதான். ஹிஹோனாவில் ஒழுங்குமுறைக் குழு ஒன்று இருந்து ஆலைகளைச் சோதிக்கிறது. எண்ணிட்ட முத்திரைச் சீட்டும் உண்டு.

கரிசல்:

சரி, தரத்தைப் பற்றி அடுப்படி சொல்வது புரிகிறது. ஆனால் என் கேள்வி பாதியில் நிற்கிறது. வருடத்தில் ஒரு மாதம் விற்கும் பண்டத்தை நம்பி ஓர் ஊரே எப்படிப் பிழைக்கும்?

வெயிலூர்:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஹிஹோனாவின் பாதிக் கதை ஐஸ்கிரீமில் இருக்கிறது.

ஊருக்கு வடக்கே கர்ராஸ்கெத்தா என்ற மலைக்கணவாய், 1,000 மீட்டருக்கு மேல் உயரம். குளிர்காலத்தில் அங்கே பனி விழும். அந்தப் பனியை வாரி, தரைக்குள் கல்லால் கட்டிய பெரிய கிணறுகளில் அடுக்கி மிதித்து இறுக்கி, மேலே வைக்கோல் போட்டு மூடுவார்கள். கோடையில் இரவோடு இரவாக வெட்டியெடுத்துக் கழுதைமேல் அலிகாந்தே பக்கம் இறக்குவார்கள். மருந்துக்கும், மீனுக்கும், குளிர்பானத்துக்கும். எல் ரெந்தோனார் பனிக்கிணறு இன்றும் அங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தொழில் ஓய்ந்தது.

ஆனால் பனியோடு வந்த கைத்தொழில் ஓயவில்லை. ஹிஹோனாக்காரர்களும் பக்கத்து ஊரான இபிக்காரர்களும் ஐஸ்கிரீம் செய்பவர்களாக ஸ்பெயின் முழுக்கப் பரவினார்கள். கோடை தொடங்கும்போது குடும்பத்தோடு வேறு நகரத்துக்குப் போய்க் கடை திறப்பார்கள். ஐஸ்கிரீமும் ஓர்சாத்தா என்ற குளிர்பானமும் விற்பார்கள். கோடை முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு ஊர் திரும்பினால் துர்ரோன் பருவம் காத்திருக்கும். பல கடைகளில் அதே பலகைக்குக் கீழே கோடையில் ஐஸ்கிரீம், டிசம்பரில் துர்ரோன். கரிசல் கேட்டதற்கு இதுதான் பதில். துர்ரோன் விற்கிற டிசம்பர் போனாலும் ஐஸ்கிரீம் விற்கிற ஜூலை இருக்கிறது.

கொசுறாக இன்னொன்று. இபியில் ஐஸ்கிரீம்காரர்களுக்குத் தகரப் பாத்திரமும் அளவைகளும் செய்துகொடுத்த தகர வேலைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் பாயா குடும்பம், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத்தில் பொம்மை செய்ய ஆரம்பித்தது. பிறகு இபி ஸ்பெயினின் பொம்மைத் தலைநகரமே ஆகிவிட்டது. மலைமேல் விழுந்த பனியிலிருந்து பொம்மை ரயில் வரைக்கும் ஒரே சங்கிலி.

தேனடை:

வெயிலூர், இபி கதை எனக்குப் புதிது. இந்த வாரமே போகிறேன்.

மல்லிகைப்பந்தல்:

எல்லோரும் மேஸ்திரியைப் பற்றிப் பேசுகிறீர்கள், கழுதையைப் பற்றிக்கூடப் பேசுகிறீர்கள். பெண்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பாதாம் தோல் உரிப்பது, பொறுக்குவது, வெட்டிய கட்டியைத் தாளில் சுற்றுவது, பெட்டியில் அடுக்குவது, எல்லாவற்றிலும் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கை இருக்கிறது. நகரத்து வாசல் நடையில் குளிரில் உட்கார்ந்து விற்றவர்களிலும் பெண்கள் பலர். மேஸ்திரி என்ற பட்டம் மட்டும் ஆண்களிடம் நின்றது.

வேலையும் பருவ வேலை. கோடை முடியும்போது ஆலை சூடேறும், கிறிஸ்துமஸுக்கு முன் ஓயும். ஸ்பெயினில் இதற்கென்று ஒரு வேலை ஒப்பந்தமே இருக்கிறது: ஆண்டில் சில மாதம் மட்டும் வேலை, ஆனால் நிரந்தரப் பணியாளர். அடுத்த பருவம் தொடங்கும்போது அவரை நிர்வாகம் திரும்ப அழைத்தாக வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதிதாக ஆளெடுத்துக் கழித்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். இருந்தாலும் மீதி மாதங்களின் வருமானத்துக்கு அந்தப் பெண்கள் வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. வெயிலூர் சொன்ன இரண்டு பருவக் கணக்கு கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒத்துவரும். பொட்டலம் கட்டுகிற பெண்ணுக்கு அது தானாக ஒத்துவராது.

அடுப்படி:

மல்லிகைப்பந்தல் சொல்வதில் ஓர் எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். பொட்டலம் சரியாகக் கட்டவில்லை என்றால் மேஸ்திரி பிடித்த பதமெல்லாம் ஈரம் ஏறி வீணாகும். அதுவும் தொழிலின் பகுதிதான்.

கொல்லைமேடு:

நான் விவசாயப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். மரம் இருந்தால்தானே இவ்வளவு பேச்சும். 2017-ல் அலிகாந்தே மாகாணத்தில் குவாதலெஸ்த் பகுதியில் பாதாம் மரங்களில் சைலெல்லா என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். செடியின் சாறு உறிஞ்சும் பூச்சிகள் பரப்புகின்றன. மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அது அடைத்துவிடும், இலை ஓரத்திலிருந்து கருகி மரம் காய்ந்துபோகும். மருந்து இல்லை. ஐரோப்பிய விதிப்படி, நோய் கண்ட மரத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் அந்த நோய் தொற்றக்கூடிய செடிகள் எல்லாவற்றையும், ஆரோக்கியமாக இருந்தாலும், பிடுங்க வேண்டியிருந்தது. 2020-ல் அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். தாத்தா நட்ட மரத்தை, காய்த்துக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் வைத்துப் பெயர்த்தால் யாருக்குத்தான் தாங்கும்? விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள்.

அந்தப் படிநிலங்களில் பலவற்றில் ஏற்கெனவே இளையவர்கள் இல்லை. ஒரு தடவை மரம் போனால் மறுபடி நட ஆள் வராது, கல்வரப்பு சரியும், மண் இறங்கும். இன்னொரு பக்கம் உலகப் பாதாமில் பெரும்பங்கு கலிபோர்னியாவிலிருந்து வருகிறது. விலையில் இந்த மலைச்சரிவு அதோடு போட்டி போட முடியாது. மார்கோனா, பிளானேத்தா, மோய்யார் மாதிரியான பழைய ரகங்களைப் பெயர் சொல்லி விதியில் எழுதிவைத்திருக்கிறார்களே, அதுதான் இந்த விவசாயிக்கு இருக்கிற ஒரே வேலி. மார்கோனா உருண்டையாக, கொழுப்பு அதிகமாக இருக்கும். அந்தச் சுவை வேறு பருப்பில் வராது.

என் கருத்து, இழை தொடங்கியவர் விற்றவர்களைச் சொன்னார், அடுப்படி செய்தவர்களைச் சொன்னார். மரம் வைத்தவரைக் கணக்கில் சேர்க்காத வரை இந்தத் தொழிலின் கதை முழுமையில்லை.

தேனடை:

கொல்லைமேடு, இதை மனதார ஏற்கிறேன். ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் அந்தச் சரிவுகள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். நடுநடுவே பராமரிக்காமல் விட்ட தோட்டங்களும் தெரியும். புதருக்குள் நின்று அந்த மரங்களும் பூக்கும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

மாடித்தோட்டம்:

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? ஊருக்குப் போய்ப் பார்க்க எந்த மாதம் நல்லது?

அடுப்படி:

பெட்டியில் "ஹிஹோனா" என்ற சொல் மட்டும் போதாது. ஒழுங்குமுறைக் குழுவின் முத்திரை இருக்கிறதா பாருங்கள், அப்புறம் "சுப்ரேமா" என்று இருக்கிறதா பாருங்கள். சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் பாதாமாக இருக்க வேண்டும், சர்க்கரையாக இருக்கக் கூடாது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து உடனே வெட்டாதீர்கள், மணமே தெரியாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு சின்னத் துண்டாக வெட்டிச் சாப்பிடுங்கள்.

தேனடை:

ஊர் பார்க்க அக்டோபர், நவம்பர் நல்லது. ஆலைகள் ஓடும் நேரம், தெருவிலேயே வறுத்த பாதாம் மணக்கும். ஊர் ஓரத்தில் "1880", "எல் லோபோ" ஆகிய பெயர்களில் துர்ரோன் செய்கிற ஆலையில் துர்ரோன் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய போய்ஷெட்டுகளை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். அலிகாந்தேயிலிருந்து பேருந்து உண்டு. காலையில் அருங்காட்சியகம், மத்தியானம் பழைய ஊருக்குள் ஏறிக் கோட்டைப் பக்கம், நேரம் இருந்தால் கர்ராஸ்கெத்தா பனிக்கிணறு. அதற்கு மட்டும் சொந்த வண்டி வேண்டும்.